கண்ணாடி போட்டவர் விமானி ஆகலாமா? கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக ஒரு கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பார்வை அளப்பதும் கண்ணாடி கொடுப்பதும்தான் என் தொழில். நான் கண் டொக்டர் அல்ல, விமானியும் அல்ல. ஆனால் இரத்மலானை விமான நிலையம் இங்கிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் போய்விடும் தூரம். அங்கே பறக்கப் படிக்கும் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகம் பதறும் பெற்றோரும், கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்திலிருந்து பறக்கும் விமானிகளும் கடைக்கு வந்தபடியே இருப்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மகன் உயர்தரம் எழுதிவிட்டு விமானி ஆகப்போகிறேன் என்கிறான். ஐந்தாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. ஆசையை விடச் சொல்லட்டுமா?

சொல்லாதீர்கள் அம்மா. பயணிகள் விமானம் ஓட்டுவதற்குக் கண்ணாடி தடையே இல்லை. இது எங்கள் ஊரில் எப்படியோ பரவி, இன்னும் அழியாமல் இருக்கும் ஒரு பழைய நம்பிக்கை.

இலங்கையில் விமானி அனுமதிப்பத்திரம் கொடுப்பது சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை. அதன் மருத்துவ விதிகளுக்கு அடிப்படை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ வகுத்த தரம். அந்தத் தரத்தின்படி, தொழில்முறை விமானிக்குத் தூரத்தில் பார்க்கும் திறன் ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாக 6/9 இருக்கவேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 இருக்கவேண்டும். இதைக் கண்ணாடியோடு எட்டினாலும் சரி, இல்லாமல் எட்டினாலும் சரி. கண்ணாடியோடு எட்டினால், பறக்கும்போது அதைக் கட்டாயம் போட்டிருக்கவேண்டும் என்று மருத்துவச் சான்றிதழில் ஒரு வரி சேர்ப்பார்கள், அவ்வளவுதான்.

6/6, 6/9 என்றால் என்ன?

முதல் எண், நீங்கள் பலகையிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி நிற்கிறீர்கள் என்பது. இரண்டாவது, அதே எழுத்தைச் சாதாரணக் கண் எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்கும் என்பது. ஆகவே 6/9 என்றால், மற்றவர் 9 மீற்றரில் நின்று வாசிப்பதை நீங்கள் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கிறீர்கள். 1862இல் ஸ்னெலன் என்ற ஒல்லாந்துக் கண் மருத்துவர் கொண்டுவந்த பலகை இது. வெள்ளவத்தை வாடகைக்கு 6 மீற்றர் நீள அறை எங்கே கிடைக்கும்? நாங்கள் 3 மீற்றரில் முகக்கண்ணாடி மாட்டி ஒளியைத் திருப்பி அளக்கிறோம். அமெரிக்கர்கள் அடியில் அளப்பதால் இதையே 20/20 என்பார்கள்.

விமானிக்குக் கிட்டப் பார்ப்பதும் முக்கியம். 30 முதல் 50 சென்ரிமீற்றருக்குள் வாசிப்பு அட்டையின் என்5 (N5) என்ற சிறிய எழுத்தையும், 100 சென்ரிமீற்றரில் என்14 (N14) என்ற பெரிய எழுத்தையும் வாசிக்கவேண்டும். முதலாவது கையிலிருக்கும் வரைபடத்துக்கு, இரண்டாவது முன்னால் இருக்கும் கருவிப் பலகைக்கு. இருபது வயதில் இது ஒரு பொருட்டே இல்லை. நாற்பத்தைந்தில் என்னிடம் வருவார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

எத்தனை பவர் வரைக்கும் விடுவார்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். ஐக்காவோ தரத்தில் பவருக்கு உச்ச எல்லை என்று ஒன்று இல்லை. போட்ட பிறகு என்ன தெரிகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கண்ணாடியைக் கழற்றினால் ஏதாவது ஒரு கண்ணில் 6/60ஐவிடக் குறைவாகத் தெரிந்தால், முதல் சான்றிதழுக்கு முன் முழுமையான கண் மருத்துவ அறிக்கை வேண்டும். அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கொரு முறை வேண்டும். 6/60 என்பது பலகையின் உச்சியில் இருக்கும் அந்த ஒற்றைப் பெரிய எழுத்து. மைனஸ் பவர் (தூரத்தில் மங்கலாகத் தெரிபவர்களுக்குக் கொடுப்பது) இரண்டரை, மூன்று இருக்கும் பலருக்குக் கண்ணாடி இல்லாமல் அவ்வளவுதான் தெரியும். ஆகவே இந்த அறிக்கை கேட்டதும் ஏதோ பெரிய நோய் என்று பயப்படவேண்டாம்.

ஏன் அறிக்கை? மைனஸ் அதிகமாவது பெரும்பாலும் விழி நீண்டுபோவதால். விழி நீளும்போது உள்ளே விழித்திரை இழுபட்டு மெலியும். கிழியும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். டொக்டர் பார்க்க விரும்புவது அதைத்தான்.

ஐரோப்பிய அனுமதிப்பத்திரத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே தொழில்முறை விமானிக்கான முதல் வகுப்புச் சான்றிதழுக்கு எண்கள் உண்டு. பிளஸ் 5, மைனஸ் 6 வரை சாதாரணமாகப் போகும். அதைத் தாண்டினாலும், சிலிண்டர் பவர் (விழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லாததைச் சரிசெய்வது) 2ஐத் தாண்டினாலும், இரு கண்களுக்கும் இடையே வித்தியாசம் 2ஐத் தாண்டினாலும் கூடுதல் பரிசோதனைகள் கேட்பார்கள்.

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பிறகு மருத்துவச் சான்றிதழ் எடுத்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

சான்றிதழ் மூன்று வகுப்பு. முதலாவது தொழில்முறை விமானிக்கு, இரண்டாவது மாணவருக்கும் சொந்தமாகப் பறப்பவருக்கும், மூன்றாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு. பயிற்சியைத் தொடங்க இரண்டாம் வகுப்பே போதும். அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் 6/12, இரண்டும் சேர்ந்து 6/9 இருந்தால் சரி. இங்கேதான் பிள்ளைகள் விழுகிறார்கள். இரண்டாம் வகுப்பை எடுத்துக்கொண்டு, வீட்டுக் காணியை அடகு வைத்துக் காசு கட்டி, நூறு மணி நேரம் பறந்துவிட்டு, பிறகு முதல் வகுப்புக்குப் போய் நிற்கிறார்கள். அன்றைக்குத்தான் நிறம் பிரித்தறிவதில் குறை என்று தெரியவருகிறது. என் கடையில் அப்படி ஒரு தகப்பன் அழுததைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு விற்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

முதல் வகுப்புச் சான்றிதழை முதலில் எடுங்கள். அதற்குப் பிறகு காசு கட்டுங்கள். அதிகாரசபை அங்கீகரித்த விமான மருத்துவப் பரிசோதகர்தான் அதைச் செய்யலாம். உங்கள் குடும்ப டொக்டரின் கடிதமோ என் சீட்டோ அங்கே எடுபடாது. அதிகாரசபையின் அலுவலகம் கட்டுநாயக்கவில் இருக்கிறது, பரிசோதகர்களின் பட்டியலை அங்கேயே கேட்கலாம்.

விமானப்படைக்கும் இதே விதியா?

இல்லை. படை தன் தேவைக்கேற்பத் தனி அளவு வைத்திருக்கிறது, கண்ணாடி இல்லாத பார்வையைத்தான் முதலில் பார்க்கும். அந்த ஆண்டு ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விதி. கண்ணாடி போட்டால் விமானி ஆகமுடியாது என்ற பேச்சு ஊருக்குள் வந்ததே இந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணாடியா, கொன்டாக்ட் லென்ஸா, லேசர் அறுவையா? எது நல்லது?

கண்ணாடி விற்பவன் கண்ணாடி என்றுதான் சொல்வான் என்று நினைப்பீர்கள். சரி, நினையுங்கள். இருந்தாலும் சொல்கிறேன்: நடுத்தரப் பவர் உள்ள, வேறு கோளாறு எதுவும் இல்லாத விமானிக்குக் கண்ணாடிதான் முதல் தெரிவு. விழியைத் தொடாது. உயரத்தில் மாறாது. பவர் மாறினால் ஒரு வாரத்தில் புதிதாகப் போடலாம். உடைந்தால் பையிலிருந்து அடுத்ததை எடுக்கலாம்.

பவர் அதிகமாகும்போது கணக்கு மாறுகிறது. மைனஸ் 7, 8 என்று போனால் கண்ணாடியின் ஓரங்களில் உருவம் வளையும், பொருட்கள் சிறிதாகத் தெரியும். அப்போது கொன்டாக்ட் லென்ஸ் உண்மையிலேயே மேலானது. ஐக்காவோவும் பவர் கூடியவர்களுக்கு அதையோ ஒளியை அதிகம் வளைக்கும் மெல்லிய உயர் சுட்டெண் கண்ணாடியையோதான் சொல்கிறது. லேசர் மூன்றாவதாக வருகிறது. அது மோசமானது என்பதால் அல்ல, திரும்பி வரமுடியாத பாதை என்பதால்.

எந்த மாதிரிப் பிரேம் வாங்குவது?

இதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, சொல்ல இருப்பதோ நிறைய.

முதலில் காதுப்பட்டி. விமானி தலையில் மணிக்கணக்கில் ஹெட்செட் இருக்கும். இப்போது எல்லோரும் கேட்கும் அந்தத் தடித்த பிளாஸ்டிக் பட்டியைப் போட்டால் ஹெட்செட்டின் மெத்தை காதோடு ஒட்டாமல் இடைவெளி விழும். அதன் வழியே இரைச்சல் வரும். இரண்டு மணி நேரத்தில் காதுக்கு மேலே ஆணி அடித்ததுபோல் வலிக்கும். மெல்லிய, நேரான உலோகப் பட்டி வாங்குங்கள். முனை காதுக்குப் பின்னால் கொக்கிபோல வளையாமல் நேராக இருந்தால், ஹெட்செட்டைக் கழற்றாமலே கண்ணாடியை உருவலாம்.

அடுத்தது அகலம். பக்கவாட்டில் அகன்ற பட்டி இருந்தால் வேறு விமானம் வருவதை அது மறைக்கும். கண்ணாடித் துண்டு சிறிதாக இருந்தாலும் அதே பிரச்சினை, பிரேமுக்கு வெளியே பார்ப்பதெல்லாம் மங்கல்.

மூன்றாவது வியர்வை. இரத்மலானையில் பயிற்சிக்கு நிற்கும் சின்ன விமானங்களுக்குள் ஏப்ரல் மாதம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், குளிரூட்டி என்று ஒன்று கிடையாது. மூக்கிலிருந்து கண்ணாடி வழுக்கும். மூக்குப் பக்கத்தில் சிலிகோன் தாங்கிகள் உள்ள பிரேம் நல்லது. கட்டுநாயக்கவில் நிலைமை தலைகீழ்: குளிர்ந்த கொக்பிட்டிலிருந்து கதவைத் திறந்து வெளியே வந்ததும் கொழும்பு ஈரக்காற்றில் கண்ணாடி முழுக்கப் பனி படியும். தரையில் அது வெறும் எரிச்சல்தான்.

எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு கட்டாயம் போடுங்கள், இரவில் ஓடுபாதை விளக்குகளுக்குப் பக்கத்தில் இல்லாத விளக்குகள் பேய்போலத் தெரியாமல் இருக்க. இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம்.

இரண்டாவது கண்ணாடி உண்மையிலேயே வேண்டுமா?

வேண்டும், அது விதி. அதுவும் கைக்கெட்டும் இடத்தில். சூட்கேஸுக்குள், மேலே பெட்டி வைக்கும் இடத்தில் இருந்தால் அது இல்லாத மாதிரித்தான். பழைய பவர்க் கண்ணாடியை உதிரியாக வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே பவராக இருக்கவேண்டும்.

கொன்டாக்ட் லென்ஸ் போட்டால் மேலே காய்ந்து போகாதா?

காயும். நீண்ட பயணத்தில் விமானத்துக்குள் ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழே இறங்கும். கொழும்பில் 80 வீதத்தில் வாழும் கண்ணுக்கு அது பாலைவனம். அதோடு, திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. நன்றாகத் தாங்கும் கண் என்றால் மென்மையான லென்ஸ் போடலாம். தினம் போட்டுத் தினம் எறியும் வகையைத்தான் விமானிகளுக்குக் கொடுக்கிறேன், கழுவும் வேலையும் தொற்றும் குறைவு. விதி கேட்பது மூன்று: ஒரு லென்ஸ் முழுவதும் ஒரே பவராக இருக்கவேண்டும், நிறம் சேர்த்ததாக இருக்கக்கூடாது, கண்ணுக்கு ஒத்துப்போகவேண்டும். உதிரியாகக் கண்ணாடி பையில் இருக்கவேண்டும்.

லண்டனுக்கோ மெல்பேர்னுக்கோ போகும்போது ஓய்வு நேரத்தில் லென்ஸோடு தூங்காதீர்கள். குழாய்த் தண்ணீரிலோ கிணற்றுத் தண்ணீரிலோ லென்ஸைக் கழுவாதீர்கள். அதிலிருக்கும் அகந்தமீபா என்ற ஒற்றைக் கல உயிரி கருவிழியை மூடியிருக்கும் தெளிவான படலமான விழிவெண்படலத்துக்குள் போனால் பார்வையே போகலாம்.

ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்ட என்று லென்ஸ் போடலாம் என்கிறார்களே?

சாதாரண ஆளுக்கு அது நல்ல தீர்வு. மூளை பழகிக்கொள்ளும், வாசிப்புக் கண்ணாடி தேவைப்படாது. விமானிக்குக் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு விபத்தே சாட்சி.

1996 ஒக்டோபர் 19ஆம் திகதி, நியூயோர்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் டெல்டா நிறுவனத்தின் 554ஆம் இலக்க விமானம், ஓர் எம்டி-88, இறங்க வந்தது. மழை, மங்கல் வெளிச்சம், கீழே தண்ணீர். தாழ வந்த விமானம் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த விளக்குக் கட்டமைப்பில் மோதி, சக்கரங்களை இழந்து சறுக்கியது. நல்ல காலம், யாரும் சாகவில்லை. விசாரணையில் தெரியவந்தது, கப்டன் போட்டிருந்தது இந்த வகை லென்ஸ். ஒரு கண்ணில் மட்டும் தூரம் தெளிவாக இருந்ததால் ஆழத்தை அளக்கும் திறன் குறைந்து, விமானம் இருக்கும் உயரத்தை அவர் தவறாக எடைபோட்டார் என்பதையே காரணமாக எழுதினார்கள்.

தண்ணீருக்கு மேலாக, மழையில், வெளிச்சம் குறைந்த நேரத்தில். நீர்கொழும்புக் களப்புக்கு மேலாகக் கட்டுநாயக்கவுக்கு மாரி காலத்தில் வந்து இறங்குபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கடல் மட்டமும் மேகமும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும்போது கண்ணுக்குப் பிடிமானம் குறைவு.

அந்த விசாரணைக்குப் பிறகு, இந்த லென்ஸின் ஆபத்தைக் கண் பரிசோதகர்களுக்கும் தெரியப்படுத்தவேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். என் தொழிலுக்கு வந்த பாடம் அது. வருபவர் நாற்பதைத் தாண்டியவர் என்றால் முதலில் “என்ன வேலை செய்கிறீர்கள் அண்ணா?” என்றுதான் கேட்கிறேன். நீங்களும் எந்தக் கடைக்குப் போனாலும், நான் விமானி என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

லேசிக் செய்துகொண்டால் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும். ஆறி, பவர் நிலைத்து, இரவுப் பார்வையில் பிரச்சினை இல்லை என்று டொக்டர் அறிக்கை கொடுத்த பிறகு. அதுவரை தரையில்தான். எத்தனை வாரம், எத்தனை மாதம் என்பது அறுவையின் வகையையும் அனுமதி தரும் நாட்டையும் பொறுத்தது. செய்வதற்கு முன்னால் பரிசோதகரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2007இலிருந்து நாசாவே லேசர் செய்தவர்களை விண்வெளி வீரர் தெரிவுக்கு ஏற்கிறது, ஆகவே இது தீட்டு ஒன்றும் இல்லை.

வகைகளைச் சுருக்கமாகச் சொன்னால், பீஆர்கேயில் விழிவெண்படலத்தின் மேல்தோலை நீக்கிவிட்டு லேசர் அடிப்பார்கள். சில நாள் நன்றாக நோகும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். லேசிக்கில் மூடி மாதிரி ஒரு மெல்லிய படலத்தை வெட்டித் திறந்து, லேசர் அடித்து, திரும்ப மூடுவார்கள், மறுநாளே தெரியும். ஆனால் அந்த மூடி பழைய உறுதிக்கு ஒருபோதும் வராது. ஸ்மைலில் மூடி இல்லை. சின்ன வெட்டு வழியாக உள்ளிருந்து ஒரு துணுக்கை உருவி எடுப்பார்கள். விழிவெண்படலத்தின் மொத்தத் தடிப்பே அரை மில்லிமீற்றருக்குச் சற்றே கூட. அதிலிருந்துதான் இவ்வளவையும் சுரண்டுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படலம் மெல்லியவர்களுக்கும், அது கூம்பு மாதிரிப் பிதுங்கும் நோய் உள்ளவர்களுக்கும் டொக்டரே வேண்டாம் என்பார்.

பலகையில் 6/6 வாசித்துவிட்டு, இரவில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வளையம் தெரிகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு அது வெறும் தொந்தரவு. ஓடுபாதை விளக்குகளை நம்பி இறங்குபவருக்கு அப்படி இல்லை. கண் வறட்சியும் சில மாதம் இருக்கும், மேலே சொன்ன அந்தப் பாலைவனக் காற்றில்.

பதினெட்டு வயதுப் பிள்ளையை “பைலட் ஆகத்தானே, லேசிக் செய்துவிடுவோம்” என்று கூட்டி வருபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கண்ணாடியோடு 6/6 தெரிகிறதே, எதற்கு? பவர் குறைந்தது ஓராண்டாவது அசையாமல் இருந்தால்தான் லேசரைப் பற்றிப் பேசவே வேண்டும். இந்த வயதில் பலருக்கு அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

செய்ததைச் சொல்லாமல் விட்டால் தெரியவா போகிறது?

தெரியும். விழிவெண்படலத்தின் வடிவத்தைப் படம் எடுக்கும் கருவியில், நடுவில் தட்டையாக்கிய வட்டம் அப்படியே விழும். மறைத்தது தெரிந்தால் பிரச்சினை கண்ணைப் பற்றியதாக இருக்காது.

எழுபதுகள், எண்பதுகளில் கத்தியால் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல வெட்டிச் செய்த பழைய அறுவை ஒன்று உண்டு. அது செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கண் உயரத்தில் மாறும். 1996இல் எவரெஸ்டில் பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்கருக்குப் பார்வை மங்கி வழியிலேயே நின்றுபோனது இதனால்தான்: ஒட்சிசன் குறையும்போது வெட்டுகள் வீங்கி, விழியின் நடுப்பகுதி தட்டையாகிவிடுகிறது. இன்றைய லேசரோடு இதைக் குழப்பவேண்டாம்.

இரவில் போட்டுத் தூங்கி, காலையில் கழற்றும் லென்ஸ்?

பிள்ளைகளின் குறும்பார்வைக்கு நல்ல கருவி. ஆனால் அதன் பலன் பகல் போகப்போகக் குறையும். ஐரோப்பிய விதி விமானிகளுக்கு அதை நேரடியாகவே மறுக்கிறது.

வெள்ளெழுத்து வந்துவிட்டது. வாசிப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டால் சரிதானே?

சரியில்லை கப்டன். முழு வட்டமும் வாசிப்புப் பவர் என்றால், வரைபடத்திலிருந்து தலை நிமிர்ந்ததும் ஓடுபாதை மங்கலாகிவிடும். அதனால்தான் அதை ஏற்பதில்லை. தூரத்துக்குப் பவர் தேவையில்லாதவர் பாதி நிலா வடிவத்தில், மேலால் பார்க்கக்கூடியது போடலாம். தேவையுள்ளவர் ஒரே கண்ணாடியில் இரண்டும் வரும்படி செய்யவேண்டும். கிட்டப் பார்ப்பதற்கான இந்தக் கண்ணாடிக்கும் உதிரி ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும்.

வெள்ளெழுத்து நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு இறுகி, கிட்ட வருவதற்கு வளைய மறுக்கிறது. நாற்பதுகளில் எல்லோருக்கும் வரும். ஆனால் சாதாரண ஆளுக்கும் விமானிக்கும் ஒரு வித்தியாசம். வங்கியில் இருப்பவர் கீழே பார்த்து வாசிக்கிறார், இரட்டைக் கண்ணாடியில் வாசிப்புத் துண்டு கீழே இருப்பது அவருக்கு வசதி. விமானிக்கோ தலைக்கு மேலேயும் ஒரு பலகை இருக்கிறது! ஏ320 விமானத்தில் மின்சாரம், எரிபொருள், ஹைட்ரோலிக் சுவிட்சுகள் எல்லாம் கூரையில், கைநீட்டும் தூரத்தில். கண்ணாடியின் மேற்பாதியில் தூரப் பவர் இருப்பதால் அந்த எழுத்துகள் மங்கும். தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து, மூக்கின் கீழால் மேலே பார்ப்பது என்ற சர்க்கஸ் தொடங்கும்.

இதற்கு மேலேயும் ஒரு துண்டு வைத்துச் செய்த கண்ணாடி உண்டு. ஓடர் கொடுத்து வரவழைக்கவேண்டும். படிப்படியாகப் பவர் மாறும் வகையையும் பலர் போடுகிறார்கள், அதில் ஓரங்கள் கொஞ்சம் நெளியும். பறப்பதற்கு முன் இரண்டு மூன்று வாரம் தரையில் பழகுங்கள். எதுவாக இருந்தாலும் அளவெடுக்க வரும்போது, கண்ணிலிருந்து கருவிப் பலகை எத்தனை சென்ரிமீற்றர், மேற்பலகை எத்தனை என்று நாடாவால் அளந்து கொண்டுவாருங்கள். நான் ஊகித்துப் போடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

நிறக்குறைக்கு ஏதாவது கண்ணாடி உண்டா?

பிறவியில் வந்ததற்கு மருந்தும் இல்லை, கண்ணாடியும் இல்லை. நிறம் சேர்த்த லென்ஸ் போட்டால், நிறம் பிரித்தறிவதைச் சோதிக்கும் புள்ளிப் படங்களில் இலக்கம் தெரியக்கூடும், ஆனால் அப்படித் தேறினால் அதை ஏற்கமாட்டார்கள். அது ஒரு நிறத்தை இருட்டாக்கித்தான் மற்றதைக் காட்டுகிறது.

ஓடுபாதைப் பக்கத்தில் நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் இறங்கும் சரிவு சரி. நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டீர்கள். 2002 ஜூலை 26ஆம் திகதி, புளோரிடாவின் டலஹாசியில் பெடெக்ஸ் சரக்கு விமானம் ஒன்று, போயிங் 727, இருட்டில் ஓடுபாதைக்கு முன்னாலேயே மரங்களில் மோதி விழுந்தது. ஓட்டிய துணை விமானிக்குக் கடுமையான நிறக்குறை. களைப்பும் விமானத்திலிருந்த மற்ற இருவரின் கவனக்குறைவும் சேர்ந்தே காரணம் என்றாலும், சிவப்பைச் சிவப்பாகக் காணாததும் அறிக்கையில் இருக்கிறது. மூவரும் உயிர் தப்பினார்கள்.

புள்ளிப் படத்தில் தோற்றால் அதோடு முடிந்தது என்பதில்லை. விளக்குகளைக் காட்டி அளக்கும் அடுத்த கட்டச் சோதனைகள் உண்டு. மெல்லிய குறை உள்ள சிலர் அதில் தேறுவார்கள்.

வெயில் கண்ணாடி எப்படி?

சாம்பல் நிறம், போலரைஸ்ட் (தண்ணீரிலிருந்து தெறிக்கும் கூசலை வடிகட்டும் வகை) இல்லாதது. இரண்டும் ஐக்காவோ பரிந்துரை. போலரைஸ்ட் கண்ணாடி கடற்கரைக்கு அருமை, கொக்பிட்டில் திரைகளைக் கறுப்பாக்கும். வேண்டுமானால் அதைப் போட்டுக்கொண்டு உங்கள் போன் திரையைப் பக்கவாட்டில் சுழற்றிப் பாருங்கள். வெயிலில் தானாகக் கறுக்கும் வகையும் மேலே ஏமாற்றும்: கறுப்பதற்குப் புற ஊதாக் கதிர் தேவை, விமானத்தின் முன்கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது.

நீல ஒளி வடிகட்டி?

என் கடையிலும் இருக்கிறது, கேட்டால் கொடுக்கிறேன். கண் களைப்பைக் குறைப்பதில் அதற்குப் பெரிய பலன் தெரியவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பின் 2023 மீளாய்வும் சொன்னது. அந்தக் காசில் எதிரொளிப்புப் பூச்சைப் போடுங்கள்.

பொன்னாங்காணி சாப்பிட்டால் பவர் குறையுமா?

என் அம்மாவும் இதைத்தான் நம்பினார். கீரையில் உள்ள சத்து உடலில் விற்றமின் ஏ ஆகிறது. அது குறைந்தால் மாலைக்கண் வரும். ஆகவே வறையைச் சாப்பிடுங்கள், நல்லது. நீண்டுபோன விழியை எந்தக் கீரையும் சுருக்காது. வளரும் பிள்ளைகளுக்குக் கண்ணாடி வருவதைத் தள்ளிப்போட உதவுவது, பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது. காலிமுகத்திடலில் பட்டம் விடச் சொல்லுங்கள்.

கண் பரிசோதனைக்குப் போகும் நாளில் என்ன கொண்டுபோகவேண்டும்?

இப்போது போடும் கண்ணாடி, அதே பவரில் உதிரி, பவர் எழுதிய சீட்டு, பழைய சீட்டுகள் இருந்தால் அவையும். பவர் நிலைத்துவிட்டதா என்று காட்ட அவைதான் சாட்சி. லேசரோ வேறு அறுவையோ செய்திருந்தால் அதன் முழு அறிக்கை. கொன்டாக்ட் லென்ஸ் போடுபவர் எத்தனை நாள் முன்னதாகக் கழற்றவேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், விழியின் வடிவத்தை அளப்பதென்றால் ஒன்றிரண்டு வாரம்கூடச் சொல்வார்கள். முதல்நாள் இரவு விழித்திருந்து போன் பார்க்கவேண்டாம். கண்ணில் மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தால் சில மணி நேரம் கிட்டப் பார்ப்பது மங்கும், வெயில் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.